ஆறு வற்றிய ஞாயிற்றுக்கிழமை

அந்த ஐப்பசி முழுக்க வீரய்யாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் திரும்பினால் போதும், நமுனுகுல மலையுச்சியில் கருமேகம் வந்து குந்திக்கொள்ளும். இடி இடிக்கிற இடியில் லயத்து வீடுகளின் தகரக் கூரையெல்லாம் கிடுகிடுக்கும். அவன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருப்பான். உள்ளே அவன் பெண்டாட்டி ராசம்மா பதினெட்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்றால் பாதையில் மண் சரிந்து ஆள் நடக்கவே வழியில்லை. தோட்டத்து மருந்துத் தண்ணீரோ, உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

வீரய்யா அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தப்புக்காரன், பறையடிப்பவன். விடியலில் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக் களத்துக்குக் கூப்பிட்டால்தான் கங்காணி வேலை பிரிப்பார். திருவிழாவுக்கும் அவன்தான், சாவுக்கும் அவன்தான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அடி. காதில் விழுந்ததும் சனங்களின் கால் தானாக நடக்கும், யாரும் யோசிப்பதில்லை.

முந்தாநாள் ராசம்மா கேட்டாள். "எனக்கும் நீங்கதானே அடிப்பீங்க?"

"வாயக் கழுவு. ஒனக்கு நான் அடிக்க மாட்டேன்."

"அப்ப பக்கத்துத் தோட்டத்து ஆளு வந்து அடிப்பான். அவனுக்குத் தாளமே நிக்காது. என் சாவுல என் மானமில்ல போகும்!"

அவன் கோபமாக எழுந்து வெளியே போய்விட்டான். கோபம் என்ன கோபம், பயம்தான். பதினாலு வருஷம் கூட இருந்தவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அவனுடைய இன்னொரு பயம் ஆறு. தோட்டத்தில் இரண்டு லயம். மேல் லயம் மேட்டில், வீரய்யாவின் வீடு அங்கேதான். கீழ் லயம் ஆற்றங்கரையில். ஆற்றுக்கு அக்கரையில் தாழ்வாகப் பெரட்டுக் களம். "கங்காணி ஐயா, இந்த மழ முடியிற வரைக்கும் கீழ் லயத்துச் சனத்த மேல கொண்டாந்திருவோங்க" என்று அவன் இரண்டு தரம் சொல்லிப்பார்த்தான். புதன்கிழமை இடி கேட்டுப் பதறிப்போய் நேரங்கெட்ட நேரத்தில் பெரட்டுத் தப்பே அடித்துவிட்டான். ஆணும் பெண்ணும் ஓடிவந்து களத்தில் நனைந்துகொண்டு நின்றதுதான் மிச்சம். வெள்ளமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் கங்காணி. தோட்டமே சிரித்தது. அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகள்கூட அவனைப் பார்த்து, "மாமா, வெள்ளம் வருதா?" என்று கேட்டன.

ஞாயிற்றுக்கிழமை. மலைமேல் காலையிலிருந்தே இடி. தோட்டத்தில் மட்டும் ஒரு பொட்டு மழை இல்லை. கஞ்சிக்கு அடுப்பு மூட்டிவிட்டு நிமிர்ந்த வீரய்யாவுக்கு ஏதோ குறைவதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஆற்றுச் சத்தம் கேட்கவில்லை.

ஓடிப்போய் மேட்டு விளிம்பில் நின்று பார்த்தான். கீழே ஆறு வற்றிக் கயிறாகிக் கிடந்தது. மலையில் அத்தனை மழை பெய்ய, ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் என்ன அர்த்தம்? இளவட்டமாக இருந்தபோது அப்புத்தளைப் பக்கம் இதே கூத்தை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. அரை மணி கழித்து அந்த மண் அணை உடைந்தபோது, ஆற்றைக் கடந்துகொண்டிருந்த வண்டியும் இல்லை, மாடும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை.

கீழ் லயத்துச் சனம் அவ்வளவும் ஆற்றுக்குள் இருந்தது. சும்மா கிடைக்கிற மீனை விடுவார்களா? கூடை, சட்டி, சேலை முந்தானை என்று கையில் கிடைத்ததில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறைமேல் நின்று அங்கேயும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏறி வாங்க! தண்ணி வருது!" என்று வீரய்யா தொண்டை கிழியக் கத்தினான். அவர்கள் கையாட்டினார்கள். ஒருவன் விலாங்கு ஒன்றைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. அவனுடைய நொண்டி முழங்காலுக்குக் கால் மணி நேரம் ஆகும். போய்ச் சொன்னாலும் சிரிப்பார்கள். பெரட்டு அடி அடித்தால் அக்கரைத் தாழ்வுக்கு ஓடுவார்கள், அது இன்னும் கேடு. இந்தச் சனம் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, கேள்வி கேட்காமல், மேட்டுக்கு ஏறி வரவேண்டுமென்றால் ஒரே ஓர் அடிதான் உண்டு. மேல் லயத்தில் யாருக்கு நாள் எண்ணப்படுகிறது என்பதும் தோட்டம் முழுக்கத் தெரியும்.

வீரய்யா உள்ளே ஓடினான். சுவரிலிருந்த தப்பை எடுத்துவந்து, ஈரத்தில் தொய்ந்த தோலை அந்தக் கஞ்சி அடுப்பிலேயே காட்டினான். ராசம்மா பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலுக்குப் போனான்.

முதல் அடி விழுந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, இது சாவுத் தப்பில்ல? யாருக்கு?"

அவன் நிறுத்தாமல் அடித்தான்.

"எனக்கா?"

"ஆத்துக்குள்ள சனம் நிக்குது புள்ள. மேல அடச்சிருக்கு. வேற எப்படிக் கூப்பிட்டாலும் வர மாட்டாங்க." சொல்லும்போதே அழுதுவிட்டான். அடி தளர்ந்தது.

உள்ளே ராசம்மா சுவரைப் பிடித்து எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "அப்ப நல்லா அடிங்க. இப்படி இழுத்து இழுத்து அடிச்சா எவ வருவா?"

அடித்தான். அழுதுகொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் கழன்றுவிடும்போல அடித்தான். கீழே தலைகள் நிமிர்ந்தன. கூடைகள் விழுந்தன. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறத் தொடங்கினார்கள். பின்னாலேயே பிள்ளைகளும் ஆண்களும்.

முதலில் வந்து சேர்ந்தவள் செவனம்மா. தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கிற சண்டையில் இரண்டு வருஷமாக ராசம்மாவோடு பேச்சு வார்த்தை இல்லாதவள். "என் ராசாத்தி, போயிட்டியா!" என்று ஓலமிட்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். செத்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அடிப் பாவி, உசுரோடவா இருக்க? மூச்சு முட்ட ஏறி வந்தேனே!"

"வந்ததுதான் வந்த, ஒரு வாய் தண்ணி குடு" என்றாள் ராசம்மா.

கடைசியாக வந்த கங்காணி வீரய்யாவின் சட்டையைப் பிடித்தார். "ஏன்டா, உசுரோட இருக்கிற பொண்டாட்டிக்குச் சாவு மோளம் அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. தரை அதிர்ந்தது. எல்லாரும் விளிம்புக்கு ஓடினார்கள். சேறும் பாறையும் வேரோடு மரங்களும் ஒன்றாக உருண்டு வந்தன. கண் மூடித் திறப்பதற்குள் கங்காணி நின்றிருந்த பாறையைக் காணோம், கீழ் லயத்தைக் காணோம், பெரட்டுக் களத்தையும் காணோம். செவனம்மா ஆட்களை மூன்று தரம் எண்ணினாள். ஒரு தலைகூடக் குறையவில்லை. கங்காணி மண்ணில் உட்கார்ந்து தலையைக் கையால் தாங்கிக்கொண்டார்.

வீடு போனவர்கள் மேல் லயத்திலேயே தங்கினார்கள். வீரய்யாவின் ஒற்றை அறையில் மட்டும் பதினோரு பேர். ராசம்மாவுக்கு வாய்க்குக் கஞ்சி ஊட்டுவதும் செவனம்மா, அழுக்குத் துணி அலசுவதும் செவனம்மா. "நல்லாத்தான் அடிச்சீங்க" என்று ராசம்மா புருஷனிடம் ஒருதரம் சொன்னாள். "எத்தன பேரு அழுதாங்க! கேக்கக் குடுத்து வச்சிருந்துச்சு."

ஐந்தாம் நாள் காலையில் அவள் உயிர் பிரிந்தது. தலைமாட்டில் செவனம்மா, கால்மாட்டில் கங்காணியின் பெண்டாட்டி, வாசல் முழுக்கச் சனம்.

வீரய்யா எழுந்து சுவரில் தொங்கிய தப்புக்குக் கையை நீட்டினான். திரும்பிப் பார்த்தான். கூப்பிடவேண்டிய ஆள் ஒருவரும் பாக்கியில்லை, எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.