முதுகில் ஒட்டிய ரூபாய்

விளிம்பு முதுகில் படும்படி பழைய பெரிய ஒரு ரூபாய்க் காசை நிமிர்த்தி வைத்து, அண்ணனின் முதுகெலும்பின் மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள் ரத்தினபாய். ஒருக்களித்துப் படுத்திருந்த அசரியா, "இன்னாம்மா, காணிக்கையா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். இவ்வளவு ஆத்திரத்தோடு அந்த மெஷினை அவள் தொட்டதே இல்லை.

போன மாதம் கோயிலில் பிரசங்கத்தின்போது, அண்ணனின் சட்டையில் மூன்றாவது பொத்தான் தானாகத் துள்ளுவதைக் கவனித்தவள் அவள்தான். அன்றைக்கே படம் எடுத்தாள். வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாயான பெருநாடி வீங்கியிருந்தது. சுண்ணாம்பு படிந்த அதன் சுவர் இரு பக்கமும் மெல்லிய வெள்ளைக்கோடாகத் தெரிந்தது. அளந்தால் எட்டு சென்டிமீட்டர். ஆறைத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், உடனே ஆபரேஷன் என்பார்கள். பட்டணத்துப் பெரிய டாக்டர் கஸ்தூரிரங்கனோ, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றித் தாமே படம் எடுத்து, "நாலுதான். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். அவள் படத்தைக் காட்டியதற்கு, "எக்ஸ்ரே எதையும் பெருசாத்தாம்மா காட்டும். கை கால் எலும்பைப் படம் எடுக்கிற வேலையைப் பாருங்க" என்று உறையோடு தள்ளிவிட்டார்.

வந்ததே கோபம் அவளுக்கு. மருந்து ரத்தம் ஓடுகிற வழியில்தானே ஓடும்? சுவரை ஒட்டி உறைந்து கிடக்கும் ரத்தத்தை அது எப்படிக் காட்டும்? செம்பாக்கம் ஏரியில் பாதி வண்டல். தண்ணீர் நிற்கிற இடத்தை மட்டும் அளந்துவிட்டு ஏரியே இவ்வளவுதான் என்பாரா இந்த மனுஷர்? உடையப்போவது கரையல்லவா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதற்கு மேல்படிப்பு வேறு. படம் பெரிதாகக் காட்டும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? எவ்வளவு பெரிதாக என்பதுதானே கேள்வி. அதற்குத்தான் இந்தக் காசு. பிலிமிலிருந்து பெருநாடி இருக்கிற அதே உயரத்தில் காசும் இருந்தால், இரண்டும் ஒரே விகிதத்தில்தான் பெரிதாகத் தெரியும்; காசின் நிஜ அளவைத்தான் யாரும் அளந்து பார்க்கலாமே.

மறுநாள் காலை மின்சார ரயிலில் அண்ணனை அழைத்துக்கொண்டு போனாள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "ரத்தினம், பெரிய டாக்டர் கிட்ட எதிர்த்துப் பேசாத" என்று மட்டும் சொன்னார்.

"ஆறு மாசம் கழிச்சுன்னு சொன்னேனே" என்றார் டாக்டர்.

"சொன்னீங்க சார். எக்ஸ்ரே பெருசாக் காட்டும்னும் சொன்னீங்க. எவ்ளோ பெருசான்னு கொண்டாந்திருக்கேன்."

படத்தை வெளிச்சப் பெட்டியில் அவளே மாட்டினாள். பிளாஸ்திரிப் பசை போகாத அந்த ரூபாயை மேஜையில் வைத்தாள். டாக்டர் அவளை முறைத்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, ஸ்கேலை எடுத்தார். காசு இரண்டு புள்ளி எட்டு சென்டிமீட்டர். படத்தில் அதன் நிழல் மூன்றரை. வெள்ளைக்கோட்டுக்கு வெள்ளைக்கோடு எட்டு. மருந்துச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். ஆறு புள்ளி நாலு என்று வந்தது. எழுந்து வெளிச்சப் பெட்டிக்குப் போய், மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார்.

அவள் பாதி திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். அசரியா குனிந்து பையைத் தூக்கப்போனார்.

"அண்ணா, அதைத் தொடாதீங்க."

அவர் திகைத்துப்போய்க் கையை எடுத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆள் அசையாமல்தான் இருந்தார். சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது.