மேனேஜர் குத்திய ஞாயிற்றுக்கிழமை

மனிதனுக்கு மனிதன் தேவைப்பட்ட காலம் முடிந்துவிட்டது என்று விஸ்வேஸ்வரன் அறிவித்தான். அறிவித்த இடம், மட்டாஞ்சேரியில் சுக்கு குடோன்களுக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படி. திரண்டிருந்த பொதுமக்கள், பால் பாக்கெட்டோடு நின்ற எதிர்வீட்டு இஸ்மாயில் இக்கா ஒருவர்.

"அரிசி ஃபோன்ல வர்றது. துணியை மெஷின் தோய்க்கறது. பேசணும்னா மீன் இருக்கு. இனிமே ஒருத்தருக்கு இன்னொருத்தர் எதுக்கு இக்கா?"

இக்கா உண்மையாகவே யோசித்தார். "முதுகு சொறிய?"

"அதுக்குக் குச்சி விக்கறான். வாங்கிட்டேன்."

விஸ்வத்துக்கு வயது முப்பத்தாறு. வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கம்பெனியில் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயாரிக்கிற வேலை. இரண்டு வருடம் முன்பு அப்பாவும் அம்மாவும் சென்னைக்கு அக்கா வீட்டோடு போனதும், வாசல் கதவுக்குக் கூடுதலாக இரண்டு தாழ்ப்பாள் அடித்தான். மொத்தம் மூன்று. யாரும் தட்டாத கதவுக்கு அவ்வளவு பாதுகாப்பு கொச்சியிலேயே வேறெங்கும் கிடையாது.

இக்காவின் கதவு நேர் எதிர். சாத்தியிருக்கும், தாழிட்டிருக்காது. குடோனில் எடை போடுகிறவர். மனைவியும் மகளும் ஷார்ஜாவில். "நான் உள்ளே விழுந்து கிடக்கேன்னு வை, எடுக்க வர்றவன் கதவையில்ல உடைப்பான்? தேக்காக்கும் சாமி, நல்ல தேக்கு."

விஸ்வம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தான். "விழறதுக்கு முன்னாடியே ஏற்பாடா? பயந்தாங்கொள்ளி. இப்படித் திறந்து போட்டா ஊர்ல இருக்கறவா அத்தனை பேரும் உள்ளே வந்துடுவா."

"எங்க வர்றாங்க?" என்றார் இக்கா, பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு.

பேசுவதற்கு என்று விஸ்வம் வைத்திருந்த மீன், நாலடிக் கண்ணாடித் தொட்டியில், உப்புத் தண்ணீரில் இருந்தது. லயன் ஃபிஷ். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, முதுகில் வரிசையாக விஷ முள். நாள் முழுக்க விசிறிகளை விரித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும்; ஒரு வேலையும் செய்யாது; மற்றவர்கள்தான் ஒதுங்கிப் போகவேண்டும். அதனால் மேனேஜர் என்று பெயர்.

மேனேஜருக்குச் சாப்பாடு இறால். விஸ்வமோ முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவன். இறால் எடுக்கவென்று நீளமாகத் தனி இடுக்கி வாங்கியிருந்தான். அது அடுக்களைக்குள் வரக்கூடாது, அடுக்களை இடுக்கி தொட்டிப் பக்கம் போகக்கூடாது. சென்னையில் இருந்தபடியே அம்மா இந்தச் சட்டத்தை அமல்படுத்தி வந்தாள்.

அந்த ஞாயிறு காலை பதினொரு மணி, வெளியே நல்ல மழை. இறால் இடுக்கி கைநழுவித் தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அடுக்களை இடுக்கி பத்தடி தூரத்தில் ஆணியில் தொங்கியது. அதைப் போட்டு இதை எடுக்கலாம். ஆனால் அத்துடன் அதுவும் அசைவமாகிவிடும். விஸ்வம் சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டு, வெறுங்கையை விட்டான்.

மேனேஜர் பாறைக்குப் பின்னால் இருந்தார்.

மோதிரவிரலில் நெருப்புக் கம்பி ஏறியதுபோல இருந்தது. கையை உருவிக்கொண்டு அவன் போட்ட சத்தம் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. வலி விரலில் நிற்கவில்லை, மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது. ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸை அழுத்தினான். வலி இன்னும் உற்சாகமடைந்தது.

கதவு தட்டப்பட்டது. "சாமி! எந்தா பற்றி? என்ன ஆச்சு, என்ன சத்தம்?"

"மேனேஜர் குத்திடுத்து!"

"ஞாயித்துக்கிழமையுமா?"

"மீன் இக்கா! விஷ முள்ளு! ஐஸ் வெச்சிருக்கேன்!"

"ஐஸைத் தூக்கி எறி! என் பெண்டாட்டி கும்பளங்கிக்காரி, நர்ஸு. அங்க மீன் முள்ளு குத்தினா சூடுவெள்ளம்தான் முதல்ல. கதவைத் திற!"

கீழ்த் தாழ்ப்பாளும் நடுத் தாழ்ப்பாளும் இடது கைக்கு வந்தன. மேல் தாழ்ப்பாள் மழைக்கு ஊறிய கட்டையில் இறுகியிருந்தது. இரண்டு கை வேண்டும். தலை சுற்றியது.

"வரலை இக்கா."

"கதவு கெடக்கட்டும், நீ வெந்நீர் போடு. குத்தின கைக்குச் சூடு தெரியாது, வெந்து போயிரும். நல்ல கையை விட்டுப் பாரு. பொறுக்கிற சூடு இருந்தா அந்தக் கையை முக்கு. ஆறினா மாத்து. ஒரு மணிக்கூர்."

"எந்தப் பாத்திரத்துல?"

"எந்தப் பாத்திரமா? கை போனப்புறம் பாத்திரத்தை வச்சு என்ன செய்யப்போற சாமி?"

சாம்பார் குண்டானையும் கெட்டிலையும் கதவருகே கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து கையை முக்கினான். கொஞ்ச நேரத்தில் வலி ஒரு படி கீழே இறங்கியது.

"பேசிக்கிட்டே இரு," என்றார் இக்கா. அவரும் அந்தப் பக்கம் தரையில் உட்கார்வது கேட்டது. "சத்தம் நின்னா நீ மயங்கிட்டேன்னு கதவை உடைப்பேன்."

விஸ்வம் பேசினான். கண்டெய்னர் வகைகளைச் சொன்னான். மேனேஜரின் உணவுப் பழக்கத்தைச் சொன்னான். ஏழு நிமிடத்தில் வாழ்க்கையில் சொல்வதற்கு இருந்த எல்லாம் தீர்ந்துபோனது. இன்னும் ஐம்பத்து மூன்று நிமிடம் இருந்தது.

"பேசு சாமி."

"ஃபோன்ல ஹோட்டல் சாப்பாடு சொல்றச்சே," என்று ஆரம்பித்தான். அதைச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. "ரெண்டு ஸ்பூன் வேணும்னு குறிப்பு எழுதுவேன்."

"எதுக்கு?"

"வீட்ல ரெண்டு பேர் இருக்கான்னு நினைச்சுக்கட்டும்னுதான்."

கதவுக்கு அப்பால் மழைச் சத்தம் மட்டும். குண்டானில் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. விஸ்வம் கதவில் காதை வைத்தான்.

"இக்கா? இருக்கேளா?"

"இருக்கேன்." என்றார் இக்கா. "அந்த ஸ்பூனையெல்லாம் என்ன செய்வ?"

"ஒரு டப்பா நிறைய இருக்கு."

"சரி. வெந்நீரை மாத்து."

ஒரு மணி நேரம் கழித்து, வலி தாங்கும்படி ஆனதும், சப்பாத்திக் கட்டையால் மேல் தாழ்ப்பாளைத் தட்டிக் கழற்றினான். இக்கா ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்து, முள் ஏதும் தங்கவில்லை, வெந்நீர் வைத்தது நல்லதாயிற்று என்று டெட்டனஸ் ஊசி போட்டார். கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்டாள். "எதிர்வீடு" என்றார் இக்கா. உறவு என்ற கட்டத்தில் அவள் அதையே எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது படியில் விஸ்வம் சொன்னான்: "தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடாததுதான் தப்பு. தத்துவத்துல தப்பில்லை."

"ஆயிக்கோட்டே, அப்படியே இருக்கட்டும்," என்றார் இக்கா. தாழிடாத தன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறும் மழை. இறால் இடுக்கி தொட்டியடியில் அப்படியே கிடந்தது. மேனேஜர் அதன் மேலேயே நின்றார். விஸ்வம் அடுக்களை ஆணியிலிருந்து இடுக்கியை எடுத்துவந்தான். அம்மா சென்னையில் தும்மியிருப்பாள். தண்ணீரில் விடப்போனவன் ஒரு கணம் நின்று, அதை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான்.

கீழ்த் தாழ்ப்பாள். நடுத் தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாளில் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, எதிர்வீட்டுக்குக் கேட்காதபடி மெல்ல மெல்ல இழுத்தான். கதவு சாத்தியிருந்தது, தாழிட்டிருக்கவில்லை.

பிறகு வந்து, இடுக்கியைத் தொட்டிக்குள் இறக்கினான்.