வேகம் எடுத்தால் வரும் சத்தம்

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. திருவனந்தபுரம் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சாட்சிகளைக் குடைந்தெடுக்கிறவன் ஒரு ஜோசியருக்குப் பயப்படுவானா என்று ஊரெல்லாம் சவடால் அடித்துத் திரிந்தேன். ஆனால் கொல்லம் ஆண்டு 1113-இல் வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்த ஜோசியர், மாசி முடிய எனக்கு வாகனத்தால் கண்டம் என்று சொல்லிவிட்டுப் போனது முதல், யாரும் பார்க்காதபோது நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினேன். என் மனைவி விஜயம் ஜோசியர் சொன்னதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தை பிறந்ததும் சத்தம் ஆரம்பித்தது. மெல்லப் போனால் கார் பரம சாது. மிதித்து வேகம் எடுத்தால் காலடியில் டக் டக் என்று ஏதோ தட்டும், தரை நடுங்கும், அந்த நடுக்கம் முழங்கால் வழியாக ஏறி ஸ்டியரிங் பிடித்த கைக்கு வரும். சாலைக் கடைத்தெருப் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். நிறுத்திய இடத்திலேயே எஞ்ஜினை உறுமவைத்து, சத்தம் எங்கே வக்கீல் சாரே என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றால் ஒளிந்துகொண்டு ஓடினால் மட்டும் தட்டுகிற சத்தத்தை, ஜோசியர் சொன்ன கண்டமாக அல்லாமல் நான் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலில் விஜயத்தின் தங்கைக்குக் கல்யாணம். பஸ்ஸில் போகலாம் என்று நானே சொன்னால் அடித்த சவடால் என்ன ஆவது? காலையில் காரிலேயே கிளம்பினோம். கரமனைப் பாலம் வரை சத்தமில்லை. நேமம் தாண்டி ரோடு காலியாகக் கிடந்தது, மிதித்தேன். உடனே ஆரம்பித்தது. அன்றைக்கு அது தட்டல் இல்லை, அடி. விஜயம் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள்.

ஓர் இறக்கம் வந்தது. பயத்திலும் ஒரு யோசனை ஓடிற்று. எஞ்ஜின்தான் காரணமென்றால், கியரை விடுவித்து வண்டியை உருளவிட்டால் சத்தம் நிற்க வேண்டும். விடுவித்தேன். எஞ்ஜின் அடங்கியது, அடி அடங்கவில்லை. உருள உருள அது வேகமாக அடித்தது. அப்படியானால் கோளாறு முன்னால் இல்லை. கியருக்குப் பின்னால், சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றில். பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. ஒருவழியாக இறக்கத்தின் அடியில், புளியமரத்தை ஒட்டி வண்டி நின்றது.

கோட்டைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன். கியரிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும், வண்டி ஓடினால் மட்டும் சுற்றும் நீளத் தண்டில், செம்புக் கம்பியில் கோத்த ஒரு பித்தளைத் தாயத்து தொங்கியது. கட்டு தளர்ந்திருந்தது. தண்டு வேகமாகச் சுற்றும்போதெல்லாம் அது வீசி எழுந்து கண்ட இடத்தில் அடித்திருக்கிறது. அப்படி அடி வாங்கியவற்றில் ஒன்று பிரேக் கம்பி. முக்கால்வாசி இழை அறுந்து நின்றது. இன்னும் ஓர் இறக்கத்தை அது தாங்கியிருக்காது. மண்ணில் மல்லாந்து கிடந்தபடியே மிச்சமிருந்த இழைகளை விரலால் எண்ணிப் பார்த்தேன்.

தாயத்தைக் கழற்றி விஜயத்திடம் காட்டினேன். அவள் மறைக்கவில்லை. நான் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது கண்டம் கழியட்டும் என்று மடிசாரோடு காருக்கு அடியில் ஊர்ந்து போய்க் கட்டினாளாம். முன்னால் கட்டினால் நான் கேலி செய்து பிடுங்கி எறிவேன். ஆகவே யார் கண்ணிலும் படாத நடுத்தண்டாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். கார் நிற்கும்போது அதைப் பார்த்தவளுக்கு அது சுற்றும் என்று எப்படித் தெரியும்?

பிரேக் கம்பியைப் பற்றிச் சொல்லிக் கத்தத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"இந்தக் கார்ல எனக்குச் சாவுன்னு பயந்துண்டிருந்தியே. பின்னே நீ எதுக்காக்கும் ஏறினே?"

"நீங்க ஏறினேளே," என்றாள்.

தாயத்து அடித்து பிரேக் கம்பி அறுந்த கதையை நான் அவளிடம் சொல்லவில்லை. பிரேக் சரியில்லை என்று மட்டும் சொல்லி, காரைப் பூட்டிவிட்டு, பஸ் பிடிக்கப் பாலராமபுரத்துக்கு நடந்தோம். வழிநெடுக அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். பெரிய மனுஷர் ஒருத்தர் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் போகிறாரே என்று எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.