பத்து போதுமா, வலிக்கும் வரையா?

அண்ணன் தபால்காரன். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வரும் திங்கட்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் மாடிப்படி நாற்பதையும் ஏறிக் காட்ட வேண்டும். ஏறிவிட்டால் பழையபடி தெருத்தெருவாகச் சுற்றலாம். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை முத்திரை குத்தும் மேஜைதான். மேஜை என்று யாராவது சொன்னாலே அவன் முகம் மழையில் நனைந்த கடிதம் மாதிரி ஆகிவிடும்.

தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவள் கடைக்குப் போனதும் அண்ணன் முட்டிப் பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று தெரிந்து, தன் குரலையே பதிவு செய்து லேப்டாப்பில் ஏற்றினாள்: “மடக்கு, நீட்டு.”

ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட வைப்பது லூப். எத்தனை தடவை என்று தெரிந்தால் ஃபார் லூப். எப்போது நிறுத்த வேண்டும் என்று மட்டும் தெரிந்தால் வைல் லூப். வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் ஃபார் போட்டாள், பத்து தடவை. பத்தாவது முடிந்த நொடியில் அண்ணன் எழுந்துவிட்டான்.

“வேர்க்கக்கூட இல்லையே!”

“பத்துன்னு போட்டது யாரு, வாலு? நானா?”

புதன்கிழமை பிசியோதெரபிஸ்ட் முட்டியை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “துருப்பிடிச்ச கீல் மாதிரி இருக்கு. இன்னும் செய்யணும். ஆனா வலிச்சா அதோட நிறுத்திடணும்.”

அன்றைக்கே வைலுக்கு மாற்றினாள். குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். வலித்தால் அண்ணன் ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும், நின்றுவிடும். முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடியது. மறுநாள் கடைக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியம் சாப்பிட வந்தவளுக்கு வாசலிலேயே தன் குரல் கேட்டது. மடக்கு, நீட்டு. அண்ணன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது.

“அண்ணா! எவ்வளவு நேரமா?”

“நீ போனதிலேர்ந்து.”

“வலிக்கலையா?”

“இதெல்லாம் ஒரு வலியா?”

“பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்லாதே. அழுத்துறதுக்கு என்ன கேடு உனக்கு?”

“வலிச்சா அழுத்துன்னுதானே சொன்னே.”

அவளே அழுத்தினாள். நிற்பதற்கான நிபந்தனை நிறைவேறாவிட்டால் லூப் ஓடிக்கொண்டே இருக்கும் என்று வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தவள் அண்ணனைச் சரிபார்க்க மறந்துவிட்டாள். விரல் முறிந்ததை மூன்று நாள் பாக்கெட்டிலேயே ஒளித்து வைத்திருந்தவன் அவன்.

துண்டில் ஐஸைச் சுற்றி, தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்துக்கொண்டாள். திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அவனே பேசினான்.

“ஒரு தடவை அழுத்திட்டா, அவ்வளவுதான், மேஜைதான்னு தோணுச்சு.”

ஐஸை வீங்கிய இடத்தில் மெதுவாக வைத்தாள்.

“திங்கட்கிழமை ஏற முடியாதுண்ணா.”

“தெரியும்.”

“நான் போன் பண்ணிச் சொல்லவா?”

“வேணாம். இப்படிக் குடு.”

போஸ்ட்மாஸ்டரிடம் வெயிலைப் பற்றிப் பேசினான், புதுத் தராசைப் பற்றிப் பேசினான். தங்கை ஐஸை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

“சார்... முட்டி வலிக்குது சார். திங்கட்கிழமை முடியாது.”

“இதைச் சொல்லத்தான் ஊரைச் சுத்தினியா? உன் இடத்துல வந்தவன் பக்கத்து வீட்டு லெட்டரை எதிர்வீட்டுல போடுறான்யா. மூணு வாரம் எடுத்துக்க. கால் சரியாகி வந்து ஏறு.”

போனை வைத்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்றான். அவள் மறுக்கவில்லை.

வீக்கம் வடிந்ததும் மறுபடி ஃபார் எழுதினாள். இந்தத் தடவை எண்களையும் அவள் குரலே எண்ணியது. நடுவில் வலித்து ஸ்பேஸ் பாரை அழுத்தினாலும் நிற்கும்.

“எத்தனைன்னு நீயே சொல்லு.”

“அம்பது.”

“அண்ணா!”

“சரி, பதினஞ்சு. கத்தாதே.”

முதல் இரண்டு நாளும் பதினைந்து வரை போனது. மூன்றாம் நாள் சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. அதற்கு மேல் சத்தமில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஐஸ் எடுக்கப் போனாள்.