பெயரில்லாத ஏழு பிரஷ்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்வாள். அவளுடைய இரண்டு நாற்காலி அழகு நிலையத்தில் பத்து வருடமாக நான்தான் மேக்கப். கடை அவளுடையது, கை என்னுடையது. ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் காலைச் செய்திக்கு மேக்கப் போட ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் எழுதிப் போட்டேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். செய்தி வாசிக்கும் பெண்ணுக்கே போட்டுக் காட்ட வேண்டுமாம். எனக்கென்று ஒரு வேலை, என் பெயரில் ஒரு அடையாள அட்டை. நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய இடத்துக்குப் போகிறோம், கையில் பெரிய பெயர் இருக்க வேண்டாமா? சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி பிரஷ், தங்கப் பிடி, தோல் பை, மொத்தம் பன்னிரண்டு, ஒரு கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. எப்படி இவ்வளவு மலிவு என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

நாத்தனார் பையைத் திறந்து பார்த்தாள். "போட்டோ எடுக்க நல்லா இருக்கும் அண்ணி."

"பொறாமைப்படாதடி."

"சரி, கழுவிட்டு வாங்க, பாப்போம்."

புது பிரஷ்ஷை ஷாம்பு போட்டுக் கழுவாமல் நாங்கள் யார் முகத்திலும் வைக்க மாட்டோம். பெரிய பவுடர் பிரஷ்ஷை வெந்நீரில் முக்கினேன். தண்ணீர் கறுத்தது. மாற்றினேன், மறுபடியும் கறுத்தது. மூன்றாவது தடவை முடி கொத்தாக உள்ளங்கையில் வந்துவிட்டது. மிச்சத்தைக் காயவைத்துக் கன்னத்தில் தடவினேன். பாத்திரம் தேய்க்கிற நாரே தேவலை. கொஞ்ச நேரத்தில் கன்னம் சிவந்து அரிக்க ஆரம்பித்தது.

"சாயம் வெளுத்துப் போச்சு போலிருக்கே," என்று நாத்தனார் வாசலில் நின்று சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்ததும் சிரிப்பும் வந்து தொலைத்தது.

மறுநாள் இரண்டு பேருமாக அழகுச் சாமான் மொத்தக் கடைக்குப் போனோம். பிரஷ்கள் டப்பா டப்பாவாகக் கொட்டிக் கிடந்தன. பெயர் கிடையாது, பை கிடையாது, வெறும் மரப் பிடி. நாத்தனார் ஒவ்வொன்றையும் மேலுதட்டில் தடவிப் பார்த்தாள். சுரசுரப்பு அங்கேதான் முதலில் தெரியும். முடி உதிர்கிறதா, பிடியில் முடியைக் கவ்வியிருக்கும் வளையம் ஆடுகிறதா என்று நான் இழுத்துப் பார்த்தேன். செயற்கை முடிதான், ஆனால் பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது.

"பன்னெண்டு எடுத்துக்கறேன்," என்றேன்.

"வேலைக்கு எத்தனை அண்ணி வேணும்?"

எண்ணிப் பார்த்தால் ஏழுதான். மீதி ஐந்தும் பந்தாவுக்கு. அந்த ஏழு மட்டும் எடுத்துக்கொண்டேன், ஆனாலும் மனசு ஆறவில்லை.

"இதைக் கொண்டுபோனா சிரிப்பாங்கடி."

"நீங்க போட்ட முகத்தைப் பாத்துச் சிரிச்சாத்தான் கவலைப்படணும். பிடியைப் பாத்துச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்."

வியாழக்கிழமை வந்தது. பல்பு சுற்றிய கண்ணாடி முன்னால் ஏழு பிரஷ்ஷையும் சுற்றி வைத்திருந்த என் துணிச் சுருளை விரித்தேன். மேக்கப் அறையைக் கவனிக்கும் நிர்வாகி அம்மாள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அதை உள்ள வைங்க. நம்மகிட்ட ஒரிஜினல் செட்டே இருக்கு. ஆறு மாசம் முன்னாடி என் தம்பி வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டு வந்தான்."

தங்கப் பிடி, தோல் பை. என் வீட்டில் கிடப்பதன் கூடப்பிறந்தது.

செய்தி வாசிக்கும் பெண் கழுத்துப்பட்டியில் டிஷ்யூவைச் செருகிக்கொண்டு, கையில் வாசிக்க வேண்டிய செய்திக் குறிப்போடு உட்கார்ந்தாள். கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாகச் சிவப்பு.

"ஆறு மாசமா இப்படித்தான். பவுடர் மூணு தடவை மாத்தியாச்சு. என் தோலே சரியில்லைங்கிறாங்க. கொஞ்சம் மறைச்சு விட்டுடுங்க," என்றாள்.

பேசாமல் மறைத்துவிட்டால் வேலை என் கையில். நுணலும் தன் வாயால் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தங்கப் பிடி பிரஷ்ஷைக் கன்னத்துக்கு ஒரு விரல் தூரம்வரை கொண்டும் போய்விட்டேன். அதற்குமேல் கை போக மறுத்தது.

"மேடம், இது போலி," என்று நிர்வாகி அம்மாளிடம் சொன்னேன்.

"என்ன சொன்னீங்க?"

"இதே செட்டை வாங்கி நானும் ஏமாந்தேன். எனக்கும் இப்படித்தான் அரிச்சுது."

அவர்களுடைய தோல் பையில் யாரும் தொடாத பிரஷ் ஒன்று இருந்தது. அதை நனைத்து வெள்ளை டிஷ்யூவில் அழுத்தினேன். மை கொட்டினாற்போல் கறை. நிர்வாகி அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "வந்த அன்னிக்கே எங்க பொருளைக் குறை சொல்ற ஆளை நாங்க எதுக்கு வேலைக்கு எடுக்கணும்?" என்றார். என் துணியைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"சுருட்டாதீங்க," என்றாள் செய்தி வாசிக்கும் பெண். "அதுலயே போடுங்க. இருபது நிமிஷம்தான் இருக்கு."

நிர்வாகி அம்மாள் வாயைத் திறப்பதற்குள் அவளே திரும்பினாள். "தம்பி உங்களோடவர் மேடம். முகம் என்னோடது."

போட்டேன். பத்து வருடத்தில் அவ்வளவு மெதுவான கையோடு நான் யாருக்கும் போட்டதில்லை. பவுடர் வைக்கும்போது பழக்க தோஷத்தில் அவள் கை சொறியக் கிளம்பிப் பாதி வழியில் நின்றது. "அரிக்கலை," என்றாள், தனக்குத்தானே.

செய்தி முடியும்வரை நடைகூடத்து டிவி முன்னால் நானும் நிர்வாகி அம்மாளும் நின்றோம். திரையில் அவள் ஒரு தடவைகூடக் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோகவில்லை. வானிலை வந்தபோது நிர்வாகி அம்மாள் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"பாவம், ஆறு மாசமா அவ தோலைத்தான் நான் திட்டிட்டிருந்தேன்."

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு வந்துடுங்க. எனக்கும் அந்த மாதிரி பிரஷ் செட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."