வேட்டி காயும் மட்டும்

லொறியிலிருந்து இறங்கிய சிவனேஸ்வரி முதலில் கண்டது குழியைத்தான். குடிலுக்கு முன்னால் நின்ற வேம்புக்குக் கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு ஆழத்தில் நின்று ஒருவன் மண்ணை வாரி எறிந்துகொண்டிருந்தான். குழி நீளமாக இல்லை. நாலு பக்கமும் ஒரே அளவு. கிணறு வெட்டத் தொடங்கியவர்கள் பாதியில் கைவிட்டதுபோல இருந்தது.

"இதென்ன கோதாரி? எரிக்கிற மனிசனுக்குக் குழி வெட்டுறாங்கள்" என்றாள்.

பின்னால், சாக்கு மூட்டைகளின் மேல் இருந்து வந்த மகன் யோகநாதன் குதித்து இறங்கி, குழியையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான். லொறி ஓட்டி வந்த இஸ்ஸதீன் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார். காலையில் பளைக்கு வந்து சாவுச் செய்தி சொன்னவரும் அவர்தான்.

"தங்கச்சி, வழியில சொல்ல எனக்கு வாய் வரேல்லை. தம்பி இருந்து வந்த மூட்டையெல்லாம் உப்பு. சாமியை இருத்தி வைக்கப் போறம், வரேக்க ஆனையிறவில ஏத்திக்கொண்டு வாங்கோ எண்டு அந்தக் குழிக்குள்ள நிக்கிற வீரகத்தி சொல்லிவிட்டவன்."

"சாமியாம்! எந்தச் சாமி, இஸ்ஸதீன் நானா? பளை ஸ்ரேசனில ரிக்கற் குடுத்த சிற்றம்பலம் அவர்."

அது உண்மைதான். முப்பத்தொரு வருடம் சிற்றம்பலம் பளை ஸ்டேஷனில் ஒரு சின்ன ஓட்டைக்குப் பின்னால் இருந்து ரிக்கற் கொடுத்தவர். ரயிலின் கூவல், சனத்தின் கூச்சல், சில்லறைச் சண்டை எல்லாம் அந்த ஓட்டையால்தான் அவருடைய காதுக்குள் போயின. பென்சன் எடுத்த அடுத்த மாதமே, "என்ர காது நிரம்பிப் போச்சு, இனிக் கொஞ்சம் சும்மா இருக்க வேணும்" என்றார். தர்மபுரத்துக்கு உள்ளே, காட்டோரமாய் ஒரு சின்னக் குளம். அதன் கரையில் ஒரு துண்டுக் காணி பார்த்து வைத்திருந்தார். அங்கே குடில் போட்டுத் தனியே இருந்து தியானம் செய்யப் போகிறாராம். மனுசனுக்கு மூளை தட்டிப்போட்டுது என்றுதான் சொந்தக்காரர் கதைத்தார்கள். சிவனேஸ்வரி அப்படிச் சொல்லவில்லை. கூரைக்குக் கிடுகு கூட அவளே எண்ணி ஏற்றிவிட்டாள். ஒரேயொரு கட்டுப்பாடு மட்டும் போட்டாள்.

"போங்கோ, காட்டில கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் காவி உடுக்கக்கூடாது. நானா வாய் திறந்து 'உடுங்கோ' எண்டு சொன்னால்தான் உடுக்கலாம்."

காவி உடுத்தவனுக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. உயிரோடு இருக்கும்போதே அவன் வீட்டுக்குச் செத்தவன். அப்படியென்றால் கழுத்தில் தாலியோடு நிற்கிற நான் ஆர் என்பது அவளுடைய கேள்வி. அவர் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, "ஓம்" என்றார். அவர் ஓம் என்றால் ஓம்தான். ஆனாலும் பெண்சாதி பெண்சாதிதானே, காவலுக்கு ஒரு வழி பார்த்துக்கொண்டாள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கருவாடு ஏற்றிப்போகும் இஸ்ஸதீனின் லொறியில், மாதத்துக்கு ஒருமுறை அவருடைய ஊத்தை வேட்டிகள் பளைக்கு வர வேண்டும். அவள் தோய்த்து, நீலம் போட்டு, மடித்து அனுப்புவாள். வெள்ளை வந்தது, வெள்ளை போனது. மூன்றரை வருடம் பிசகில்லாமல் நடந்தது.

போன புரட்டாதியில் அது நின்றுபோனது. "இனி வேட்டி அனுப்பத் தேவையில்லையாம், தானே தோய்க்கிறாராம்" என்று இஸ்ஸதீன் வந்து சொன்னார். மனுசன் காவி உடுத்துப்போட்டார், சொல்லப் பயந்து மறைக்கிறார் என்று அவள் நினைத்தாள். ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. அவராக வந்து சொல்லட்டும் என்று ஆறு மாதம் வீம்பில் இருந்தாள்.

இப்போது குடிலுக்குள் குனிந்து போனவள் அதைக் கண்ணால் கண்டாள். ஒரு பலகையில் அவரைச் சப்பாணி கட்டி இருத்தி, முதுகைத் தூணோடு சேர்த்திருந்தார்கள். தாடையைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. நெற்றி நிறைய விபூதி. இடுப்பில் காவி.

உள்ளே இருந்த பெண்கள் எழுந்து, அவள் விழுந்தால் பிடிக்கவும் அழுதால் கூட அழவும் ஆயத்தமாகக் கைகளை நீட்டினார்கள். அவள் விழவும் இல்லை, அழவும் இல்லை.

"பொய் சொல்லிப் போட்டியள்" என்றாள் அவரைப் பார்த்து. பிறகு வெளியே வந்துவிட்டாள்.

வெளியே யோகநாதன் குழிக்கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தான். "மூடுங்கோ இதை! நான் ஒரே பிள்ளை. அப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைக்க வேணும்."

வீரகத்தி குழிக்குள்ளிருந்து ஏறி வந்தான். காட்டை வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றக்காரன். குரல் தணிந்துதான் வந்தது. "தம்பி, குடும்பக்காரனை எரிக்கலாம். காவியோட இருக்கிற உடம்பை எரிக்கிறதில்லை. இருத்தி, உப்பும் விபூதியும் கற்பூரமும் போட்டு மூடுறதுதான் முறை. நாங்கள் இந்தக் காட்டுக்குள்ள வந்து ஆனையோடயும் காய்ச்சலோடயும் மாரடிக்கிற சனம். இரவில இந்தக் குடிலில விளக்குத் தெரிஞ்சால் ஒரு துணிவு. அவரைக் கொண்டுபோய் அந்த விளக்கை அணைய விடாதேங்கோ."

"விளக்குக்காக என்ர அப்பாவைப் பறிப்பியளோ?"

"அம்மா சொல்லட்டும்" என்றான் வீரகத்தி. "அவா என்ன சொல்லுறாவோ அதுதான். எரிக்கச் சொன்னால் நானே விறகு தறிச்சுத் தாறன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "கால் கழுவிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அவள் கிணற்றடிக்குப் போனாள்.

கிணற்றடியில் வீரகத்தியின் பெண்சாதி நாகேஸ்வரி நின்றாள். தண்ணீர் அள்ளி அவளுடைய காலில் ஊற்றினாள். ஊற்றிய கை மணிக்கட்டு வரைக்கும் செம்மண் நிறமாய் இருந்தது. பக்கத்தில் ஒரு வாளி நிறைய அதே நிறத்தில் தண்ணீர்.

"என்ன பிள்ளை கையில?"

"காவிக்கல் அக்கா. கோயில் மதிலுக்குப் பூச வைச்சிருந்தது. விடியத்தான் கரைச்சனான்."

"விடியவோ? என்னத்துக்கு?"

"சாமிக்குத்தான். வெள்ளையோட இருத்தக்கூடாதெண்டு இவர் சொன்னார். காவி எங்களிட்ட எங்கால? சாமியின்ர வேட்டி ஒண்டைத்தான் எடுத்துத் தோய்ச்சம்."

சிவனேஸ்வரி அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப உயிரோட இருக்கேக்க உடுக்கேல்லையோ?"

"ஒருநாளும் இல்லை அக்கா. சாமியெண்டு கூப்பிட்டாலே பேச்சுத்தான் விழும். போன வருசம் நான் கேட்டனான், ஏன் வெள்ளை உடுக்கிறியள் எண்டு. 'எனக்கு இன்னும் உத்தரவு வரேல்லைப் பிள்ளை' எண்டார். நாங்கள் கடவுளின்ர உத்தரவாக்கும் எண்டு பேசாமல் விட்டிட்டம்."

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிவனேஸ்வரி மெல்லக் கேட்டாள். "பிறகேன் பளைக்கு வேட்டி வாறது நிண்டது?"

நாகேஸ்வரி தலையைக் குனிந்தாள். "இருமல் அக்கா. புரட்டாதியில இருந்து இரத்தமும் வரத் தொடங்கீட்டுது. வேட்டியெல்லாம் கறை. எங்களிட்டயும் தரமாட்டார், தொத்தும் எண்டு. இந்தக் கல்லில குந்தியிருந்து தானே தோய்ப்பார், மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டு இவர் மண்டாடினவர், அசையேல்லை. 'இதைப் பளையில அவள் கண்டால் அடுத்த லொறியிலயே ஓடி வந்திடுவாள், ஏன் அவளை அலைக்கழிப்பான்' எண்டார். இஸ்ஸதீன் நானாவிட்டயும் சத்தியம் வாங்கிப்போட்டார்."

துணி தோய்க்கிற அந்தக் கல்லிலேயே சிவனேஸ்வரி இருந்துவிட்டாள். ஆறு மாதம் அவள் பளையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். அந்த ஆறு மாதமும் அவர் இந்தக் கல்லில் குந்தியிருந்து இரத்தக் கறையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். வெள்ளை வேட்டி என்று அவள் ஒரு காவல் வைக்காமல் விட்டிருந்தால், வேட்டி நின்றதற்கு அவள் வீம்பும் பிடித்திருக்கமாட்டாள். அவள் வந்திருப்பாள். ஒரு நேரக் கஞ்சியாவது வைத்துக் கொடுத்திருப்பாள். அந்த நினைப்பு அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் வேட்டியைத்தான் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன், பிள்ளை" என்றாள். நாகேஸ்வரிக்கு அது விளங்கவில்லை.

சிவனேஸ்வரி திரும்பிப் போய் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, நாகேஸ்வரி சொன்னதைச் சொன்னாள். இருவருமாகக் காவியை அவிழ்த்தார்கள். விளிம்பில், காவிக்கு அடியில், தோய்த்தும் போகாத பழைய கறை ஒன்று தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்து, மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டாள். ஈரத் துணியால் அவருடைய உடம்பைத் துடைத்தாள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. பாயில் கிடந்த வெள்ளைப் போர்வையை எடுத்து அவருடைய இடுப்பைச் சுற்றினாள். அப்போதுதான் அவளுக்கு உடைந்தது.

"இஞ்சாருங்கோ! ஏன் இப்பிடிச் சொல்லுக் காப்பாத்தினியள்? விசர் மனிசா, நான் ஒரு கோவத்தில சொன்னதை இப்பிடியே பிடிச்சுக்கொண்டிருப்பியள்?"

அவருடைய முழங்காலில் தலையை வைத்து அழுதாள். வெளியே நின்ற பெண்கள் அதைக் கேட்டுத் தாங்களும் தொடங்கினார்கள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அவள் தன் பையைத் திறந்தாள். காலையில் செய்தி வந்ததும் கை தன்பாட்டில் அலுமாரியைத் திறந்து எடுத்த ஒரு வேட்டி உள்ளே இருந்தது. ஆறு மாதத்துக்கு முதல் தோய்த்து, நீலம் போட்டு, அனுப்பாமல் கிடந்தது.

யோகநாதன் அதைக் கண்டதும் முகம் தெளிந்தான். "இதை உடுத்துவம் அம்மா. அப்பா காவி உடுக்கேல்லை எண்டு இப்ப இந்தச் சனத்துக்குந் தெரியும். அவர் எங்கட அப்பாதான். பளைக்குக் கொண்டுபோய் நான் கொள்ளி வைக்கிறன்."

அவள் ஆசைப்பட்டது அதுதான். நாலு வருடம் பிடித்து வைத்திருந்த மனுசன் கடைசிவரை அவளுடைய மனுசனாகவே இருந்திருக்கிறார். இனி யாரும் கேள்வி கேட்க முடியாது. வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு வெளியே வந்து, குழியைத் தாண்டி, நேரே கிணற்றடிக்கு நடந்தாள். காவித் தண்ணீர் இருந்த வாளியின் முன் குந்தி, வேட்டியை விரித்து, உள்ளே அமுக்கினாள்.

"அம்மா!" என்று யோகநாதன் ஓடி வந்தான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாலு பேர் உடுப்பைத் தோய்க்கிறவள்போல அமுக்கி, புரட்டி, திரும்ப அமுக்கினாள். "இதுக்குத்தான் ராசா அவர் காத்துக்கொண்டிருந்தவர். நான் குடுக்காததை ஆரும் திருடிக் குடுக்க வேண்டாம். நானே குடுக்கிறன்."

"அப்ப நான்?"

"உனக்குக் கொள்ளி இல்லாமல் போகுது. எனக்குத் தெரியும்" என்றாள். "என்னைத் திட்டு. அவரைத் திட்டாதை."

 அவன் திரும்பி லொறியடிக்குப் போனான். ஒரு உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக் கொண்டுவந்து குழிக்கரையில் இறக்கினான். கைகொடுக்க வந்தவர்களை வேண்டாம் என்றுவிட்டான்.

சிவனேஸ்வரி வேட்டியை முறுக்கிப் பிழிந்து, வேம்புக்கும் குடிலுக்கும் நடுவே கட்டியிருந்த கொடியில் விரித்துப் போட்டாள். அவளுடைய கைகளும் மணிக்கட்டு வரைக்கும் சிவந்திருந்தன.

"இது காய்ஞ்சாப்பிறகு அவருக்கு நான் ஒரு சொல்லுச் சொல்ல வேணும்" என்றாள் வீரகத்தியிடம். "சொல்லி, உடுத்திப்போட்டுத் தாறன். அதுமட்டும் ஒருத்தரும் அவரில கை வைக்க வேண்டாம்."

"ஓம் அம்மா" என்றான் அவன்.

ஊர் முழுக்க ஒரு வேட்டி காய்வதற்காகக் காத்திருந்தது. பங்குனி வெயில் அடித்துப் போட்டது. குளத்துப் பக்கம் ஒரு மயில் அகவிவிட்டு ஓய்ந்தது. இஸ்ஸதீன் லொறியின் நிழலில் இருந்து எல்லோருக்கும் வெற்றிலை நீட்டினார். நாகேஸ்வரி மெல்லப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, சாமிமாருக்குச் சாவில்லை எண்டு சொல்லுறவை. அப்பிடியெண்டால் நீங்கள் தாலி கழட்டத் தேவையில்லையாக்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பிள்ளை" என்றாள் சிவனேஸ்வரி. "முதல் காயட்டும்."

அவள் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் வேம்புக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசி உப்பு மூட்டையும் குழிக்கரைக்கு வந்துவிட்டது. வீரகத்தி இரண்டு தரம் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, பொழுதுபட முந்தி முடிக்க வேணும்."

சிவனேஸ்வரி எழுந்து போய் வேட்டியின் விளிம்பை உள்ளங்கையில் எடுத்தாள். அது மொறுமொறுத்தது. இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம்" என்றாள்.

வீரகத்தி வேட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாயைத் திறக்கப் போனான். அதற்குள் யோகநாதன் வந்துவிட்டான். உப்புப் படிந்த கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, வேட்டியின் மற்றத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தான்.

"ஓம், இன்னும் ஈரமாத்தான் கிடக்கு" என்றான். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

வீரகத்தி மண்வெட்டியைக் குழிக்கரையில் போட்டுவிட்டு வேம்பின் கீழ் போய்க் குந்தினான். குளத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.