உருகாத கல்

வயிற்றுவலியில் துடித்த என் புருஷன் ஸ்டமாட்டிஸுக்குப் பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. கத்தி என்றாலே நடுங்குகிற மனுஷன். கல் தானாக வெளியே வந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இந்த வருஷத்துப் புது ஆலிவ் எண்ணெயை ஒரு குவளை ஊற்றி, எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தார். மறுநாள் பச்சை உருண்டைகள் வெளியேறின. அவற்றைக் கழுவிப் புட்டியில் போட்டு, எங்கள் தீவின் காப்பிக்கடை முழுக்கக் காட்டிவிட்டுத்தான் டாக்டரிடம் வந்தார்.

டாக்டரம்மா ஓர் உருண்டையை எடுத்து ஜன்னல் வெயிலில் வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அது உருகி வழிந்தது.

“இது கல்லே இல்லை ஐயா. நீங்க குடிச்ச எண்ணெய்தான் வயித்துக்குள்ள சோப்பாயிருக்கு. பித்தநீர்ல கொலஸ்ட்ரால் மிஞ்சிப்போனா, பழைய தேன்ல சர்க்கரை உறையிற மாதிரி படிஞ்சு, வருஷக்கணக்கா இறுகும். அதுதான் கல். வெயிலுக்கெல்லாம் உருகாது.”

“என் நல்ல எண்ணெயில சோப்பு காய்ச்சியிருக்கார் டாக்டர்!” என்றேன்.

காப்பிக்கடையில் அவருக்கு ‘சோப்பு வியாபாரி’ என்று பேர் விழுந்தது. கல்லே பொய் என்றால் வலியும் நடிப்புதான், ஆலிவ் பறிக்காமல் தப்பிக்கிறான் என்று சிரித்தார்கள். அவர் பல்லைக் கடித்துச் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான். அந்தச் சோம்பேறிகள் என்ன கண்டார்கள்?

கடைசியில் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். எடுத்த கல்லைக் கையில் கொடுத்தார்கள். கொண்டைக்கடலை அளவில் மஞ்சளாக இருந்தது. அதை ஜன்னல் வெயிலில் வைத்து, பகல் முழுக்கப் பார்த்தபடியே படுத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“உருகலைடி, ஆர்கிரோ,” என்றார் கண்கலங்க. “அப்போ நான் நடிக்கலைதானே?”